பிள்ளையாருக்கு வாங்கிய மேக்கப் பிரஷ்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், விபூதிச் சம்புடத்துக்கு மேலே, மஞ்சள் நூலில் கட்டின மேக்கப் பிரஷ் மூன்று தலைகீழாகத் தொங்குகின்றன. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், ஏதோ குழந்தை விளையாட்டாக மாட்டியிருக்கிறது என்று நினைத்து எடுக்கக் கை நீட்டுவார்கள். "தொடாதீங்கோ, அது சாமிது" என்று சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்தால் என்ன என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுதத்தான் தெரியும்.

நாங்கள் இருப்பது மலையாள நாட்டில், கரமனை அக்ரஹாரத் தெருவில்; எங்கள் தமிழில் மலையாளமும் கலந்துதான் வரும். தெருக்கோடியில் ஒரு பிள்ளையார் கோவில். சின்னக் கோவில்தான், கூட்டம் வந்தால் பாதிப் பேர் தெருவில் குடை பிடித்துக்கொண்டுதான் கும்பிட வேண்டும். என் வீட்டுக்காரர் அந்தப் பிள்ளையாருக்குப் பூஜை பண்ணுகிறவர். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே பண்ணுகிறார். அவருக்குப் பிள்ளையார் முதலில், நான் அப்புறம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிள்ளையாரோடு யார் போட்டி போட முடியும்?

பூஜை யார் வேண்டுமானாலும் பண்ணலாம், சந்தனக் காப்பு என்றால் அவர் கைதான் என்று தெருவில் சொல்வார்கள். சந்தனத்தைக் கல்லில் இழைத்து வெண்ணெய்ப் பதத்துக்கு வழித்து வைத்துக்கொள்வார். அபிஷேகம் முடிந்து துடைத்த கருங்கல் விக்கிரகத்தின் மேல் அதை உள்ளங்கையால் அப்பி, பிறகு முகம் எடுப்பார். கன்னத்து மேடு, தும்பிக்கையின் மடிப்பு, காதோரம் எல்லாம் விரலிலேயே வந்துவிடும். கண் மட்டும் விரலுக்கு வராது. அதற்கு ஒரு வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, மையில் தொட்டு, ஒரே இழுப்பு. திரை விலகினதும் அந்தக் கண் நம்மைப் பார்க்கும். ஓரமாக ஒதுங்கி நின்றாலும் நம்மைத்தான் பார்க்கும். வீட்டில் எவ்வளவு பாரம் இருந்தாலும் அந்த ஒரு பார்வையில் இறங்கிவிடும். எனக்குப் பல தடவை இறங்கியிருக்கிறது.

போன வருஷம் கோடையில் அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. மடியில் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. காப்பி டம்ளரை எடுத்தால், பேனாவைப் பிடித்தால், உடனே ஆட்டம். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்படுகிற வியாதி இல்லை, வயசில் சிலருக்கு வருவதுதான், மாத்திரையில் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது என்று சொன்னார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது இவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கண்ணு எழுத முடியுமோடி?"

"ஏன் முடியாது? பிள்ளையார் தானே எழுதிண்டுடுவார்" என்றேன்.

அடுத்து வந்த சங்கடஹர சதுர்த்திக்குத் திரை விலகினபோது நான் முதலில் கண்ணைத்தான் பார்த்தேன். வலது கண் பரவாயில்லை. இடது கண்ணின் கோடு தடம் மாறிக் கன்னத்தில் இறங்கியிருந்தது. துடைத்து மறுபடி எழுதின இடத்தில் சந்தனம் கன்றிப்போய் இருந்தது. முன்வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் குழந்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா, பிள்ளையாருக்குக் கண்ணுல கட்டியா?" என்று கேட்டுவிட்டது. அம்மாக்காரி அதன் வாயைப் பொத்தினாள். உள்ளே தீபாராதனைத் தட்டோடு நின்றவர் காதில் அது விழாமல் இருக்குமா? அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இரண்டொரு நாள் கழித்து எங்கள் தெருச் சமூகத்தின் செக்ரட்டரி வந்தார். கோவில் காரியங்களெல்லாம் அவர் பொறுப்பு. இவரைவிட வயசில் இளையவர், நல்ல மாதிரி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மாமா, தப்பா எடுத்துக்கப்படாது. விநாயக சதுர்த்தி வரது. அன்னிக்கு எங்கிருந்தெல்லாமோ ஆள் வருவா. ஸ்ரீவராகத்துல சந்தனம் சார்த்த ஒருத்தர் இருக்கார், நல்ல கை. அவர்கிட்ட பறைஞ்சு வைக்கட்டுமா? பூஜை எப்பவும் போல நீங்கதான், கேட்டேளா. அலங்காரம் மாத்திரம்."

இவர் வலது கையை இடது கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவரை வரச் சொல்லு" என்றார். "ஆனா முதல்ல நான் சார்த்தறேன். திரை போட்டிருக்கும்போதே நீ உள்ள வந்து பாரு. சரியா வரலைன்னா நானே வழிச்சு எடுத்துடறேன். அப்பறம் அவர் பண்ணட்டும். அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன். இந்தச் சதுர்த்தின்னு இல்லை, எப்பவும்."

"வழிக்கறதாவது மாமா, என்ன பேச்சு…"

"சொன்னா சொன்னதுதான்."

அதிலிருந்து வீட்டில் வெற்றிலைக் காம்பாகவே கிடந்தது. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு மையால் கோடு இழுத்துப் பார்ப்பார். கோடு ரம்பம் மாதிரி பல் பல்லாக வரும். காம்பை அழுத்தினால் ஒடியும். ஒடிந்ததை ஜன்னல் வழியாக எறிவார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் தட்டைத் திருப்பி வைத்துவிடுவார்.

இதையெல்லாம் இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மாட்டுப்பெண்.

அவள் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். முகூர்த்த நாளென்றால் விடிவதற்கு முன்னால் பெட்டியோடு கிளம்பிவிடுவாள். அவளிடம் ஒரு துணிச் சுருள் உண்டு. அதைப் பிரித்தால் உள்ளே வரிசையாகப் பிரஷ்கள், கட்டைவிரல் தண்டி முதல் ஊசித் தண்டி வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவற்றை அலம்புவதை உட்கார்ந்து பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் ஷாம்பு, அதில் பிரஷ்ஷின் நுனியை வைத்து வட்டம் வட்டமாக. முடி மட்டும்தான் நனையும். உலோகக் கழுத்துக்கு மேல் ஒரு சொட்டு ஏறவிட மாட்டாள். ஏறினால் உள்ளே இருக்கிற பசை இளகி, கொஞ்ச நாளில் தலை வேறு, உடம்பு வேறு. பிழிந்து, நுனியை விரலால் கூட்டி, துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுவாள். காற்றில் எல்லாம் லேசாக ஆடும். கைக்கு வேலை கொடுக்கிற பொருளை அவள் நடத்துகிற விதத்தைப் பார்த்தே அவளைப் புரிந்துகொண்டேன் என்று சொல்லலாம்.

ஒரு நாள் அவள் தன் மாமனார் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு காரியம் பறையட்டா? கோவிச்சுக்க மாட்டேளே?"

"சொல்லு குழந்தே."

"காம்பு வேண்டாம். அதுக்கு ஒரு வளைவும் கிடையாது. உங்க கை இத்தனூண்டு ஆடினா அது அப்படியே கோட்டுல எழுதிடும். பிரஷ் அப்படி இல்லை. நல்ல பிரஷ்னா கை ஆடறதை முடி வாங்கிண்டுடும், கோட்டுக்கு விடாது. எங்க ஃபீல்டுல யாருக்குப்பா கை கல்லு மாதிரி நிக்கறது? முகூர்த்தத்துக்கு நேரமாச்சுன்னு பத்து பேர் பின்னாடி நின்னு கத்தறச்சே எனக்கும்தான் ஆடும்."

"பொம்மனாட்டிகள் மூஞ்சிக்குப் போடறதைப் பிள்ளையாருக்கா?" என்றார் அவர். கோபமாக இல்லை, சந்தேகமாகத்தான்.

"புதுசா வாங்கினா அது பிரஷ். யார் மூஞ்சிக்குன்னு அதுமேல எழுதியா இருக்கு?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"ரோமமா இருக்கப்படாது" என்றார்.

"சாமரம் மட்டும் என்னவாம்? அதுவும் ஒரு வால்தானே?" என்றேன்.

"அதுக்குச் சாஸ்திரம் இருக்குடி. உன் கடைப் பிரஷ்ஷுக்கு எங்கே இருக்கு?"

மாட்டுப்பெண் சிரித்தாள். "ரோமம் நமக்கு வேண்டவே வேண்டாம்ப்பா. ஆட்டு முடி, அணில் முடியெல்லாம் பவுடருக்குத்தான் நன்னா இருக்கும். சந்தனம் ஈரம். முடி தண்ணியைக் குடிச்சு ஊதிப்போயிடும். கிரீமுக்கெல்லாம் நான் நைலான்தான் எடுக்கறது."

சாஸ்திரமும் அவள் தொழிலும் ஒரே இடத்தில் வந்து நின்றது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. அவரும் தலையை ஆட்டினார்.

மறுநாள் நானும் அவளும் கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறினோம். முதலில் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய். ஓங்கி அடித்தேன், நன்றாகச் சிதறியது. "எங்க பிள்ளையாரும் நீர்தான், இங்க இருக்கறதும் நீர்தான். உமக்கு வேண்டியதை நீரே எடுத்துக் குடும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனோம். வளையல், பொட்டு, ரிப்பன் எல்லாம் விற்கிற பெரிய ஃபேன்சி கடை. மேக்கப் சாமானுக்கு மாடியில் தனி இடம்.

அங்கே ஒரு மலையாளத்துப் பெண், நல்ல சுறுசுறுப்பு, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பிரஷ்ஷை எடுத்துத் தன் கன்னத்தில் ஒரு தடவு தடவி, "நோக்கு ஆன்ட்டி, பஞ்சு போலெ!" என்று நீட்டினாள்.

"ஐயோ மோளே, வேண்டாம்!" என்று நான் கத்திவிட்டேன்.

அவள் அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதுவும் நேரே கன்னத்துக்குப் போயிற்று. "அதும் வேண்டா!" மூன்றாவதும் அப்படியே. இப்போது அவள் முகம் சுருங்கிவிட்டது. "என்டெ முகத்தினு எந்தா குழப்பம்?" என்று கேட்டாள். பாவம், அவள் முகத்தில் எனக்கு என்ன குற்றம்? நம் வீட்டில் மோந்து பார்த்த பூவைச் சாமிக்குப் போடுவோமா? கை பட்டால் அலம்பிக்கொள்ளலாம். முகத்தில் பட்டது சாமிக்கு ஆகாது. இதை மலையாளத்தில் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாற, மாட்டுப்பெண் அவள் காதருகே போய், "சேச்சி, இது கணபதிக்காணு. சந்தனம் சார்த்தான்" என்று பிள்ளையார் விஷயத்தைச் சொன்னாள்.

அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "பகவானோ! அது ஆத்யமே பறயண்டே!" என்று, முதலிலேயே சொல்லக்கூடாதா என்கிற மாதிரி கேட்டவள், யாரும் சொல்லாமலே பின்பக்கம் போய்க் கையை அலம்பித் துடைத்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு பிரஷ்ஷையும் இரண்டு கையாலும் ஏந்தித்தான் கொடுத்தாள். நான் மனசுக்குள் அவளுக்கு ஆயுசைக் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். கன்னத்தில் தொட்டுப் பார்க்காமல் பிரஷ் வாங்க முடியாது என்கிறாள் மாட்டுப்பெண். விரல் நுனி காய்த்துப்போனது, பொய் சொல்லும். குத்துகிறதா இல்லையா என்று முகத்துத் தோலுக்குத்தான் தெரியும். சாமிக்கு என்றால் தொடக்கூடாது, தொடாவிட்டால் தெரியாது. இரண்டு பேரும் யோசித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவள்தான் சொன்னாள்: "ஒரே ஜாதில ரெண்டு எடுப்போம்மா. ஒண்ணைப் பிரிச்சுப் பாக்கறது. மத்தது பிரிக்காம சாமிக்கு."

எப்பேர்ப்பட்ட புத்தி! பிரித்ததை அவள் சோதித்த அழகை என்னால் மறக்க முடியாது. முதலில் காதருகே வைத்துக் குலுக்கினாள். தலை கடகடவென்று ஆடினால் வேண்டாம். முடியைப் பிடித்து லேசாக இழுத்தாள். ஒன்று கையோடு வந்தாலும் வேண்டாம். உள்ளங்கையில் நுனியை அழுத்தி விட்டாள்; விரிந்த முடி பழையபடி கூடி நிற்க வேண்டும், பாதி வழியில் தூங்கிவிடக்கூடாது. வெளிச்சத்தில் திருப்பி, உலோகக் கழுத்து ஒரே வழவழப்பாக இருக்கிறதா, பொருத்தின இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். இத்தனையும் தேறினால்தான் கன்னம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு. பிறகு என் கன்னத்தில் ஒரு தடவு. "குத்தறதாம்மா?" விலை அதிகமுள்ள ஒன்றைக் கழித்துவிட்டு, அதைவிடக் குறைந்த ஒன்றை எடுத்தாள். விலையை அவள் கடைசியில்தான் பார்த்தாள்.

மூன்று வகை எடுத்தோம். சந்தனத்தை வழவழவென்று நிரவ, தலை தட்டையாக வெட்டின அடர்த்தியான பிரஷ் ஒன்று. விபூதியும் குங்குமமும் பூ மாதிரி தூவ, புசுபுசு என்று ஒன்று. கண்ணுக்கு, நுனி சாய்வாக வெட்டின மெல்லிய பிரஷ் ஒன்று. எல்லாம் ஜோடி ஜோடியாக.

வீட்டுக்கு வந்ததும் பிரித்த மூன்றையும் மாட்டுப்பெண் அவரிடம் கொடுத்தாள். "இது ப்ராக்டீஸுக்கு. இதுல எல்லாம் பழகிக்கோங்கோ."

"எதுமேல?"

"தட்டு போறாது. தட்டு சமமா இருக்கும். மூஞ்சிக்கு மேடு பள்ளம் உண்டு." அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா, இப்படி வந்து உக்காருங்கோ."

"நானா? போடி!"

"பின்னே நான் ஆபீசுக்குப் போனவரைக் கூப்பிடட்டா?" என்றாள், என் பிள்ளையைச் சொல்லி.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் பிறத்தியார் முன்னால் என் முகத்தைத் தொட்டது கிடையாது. தாலி கட்டினபோது நெற்றியில் குங்குமம் வைத்ததோடு சரி. இப்போது மாட்டுப்பெண் பக்கத்தில் நிற்க, அவர் என் கன்னத்தில் சந்தனத்தை வைத்துத் தட்டைப் பிரஷ்ஷால் நிரவ ஆரம்பித்தார். பிரஷ் ஜில்லென்று வட்டம் போட்டது. எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதே, கன்னம் மேல போறது" என்றார்.

"பிள்ளையார் சிரிச்சா இப்படித்தான் அதட்டுவேளா?"

"அவர் உன்னை மாதிரி நெளிய மாட்டார்."

நிரவுவது சீக்கிரம் வசமாகிவிட்டது. விரலால் செய்ததைவிட அழகாக, ஒரு ரேகை இல்லாமல் வந்தது. வட்டமாகச் சுற்றுகிற வேலையில் நடுக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கண்தான் கஷ்டப்படுத்தியது.

மாட்டுப்பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "வாலைப் பிடிக்காதீங்கோ அப்பா, ஆட்டம் ஜாஸ்தியாகும். கழுத்துக்குக் கிட்ட. ஆங். மையில முக்க வேண்டாம், நுனி மாத்திரம் தொட்டு, தட்டுல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்து, கத்தி மாதிரி ஆக்கிக்கோங்கோ. ஒரே இழுப்பு வேண்டவே வேண்டாம். ஒத்தி எடுங்கோ. ஒத்தல், பக்கத்துல இன்னொரு ஒத்தல். கடைசில சேர்த்துக்கலாம். மூச்சை உள்ள இழுக்கறச்சே கையை எடுத்துடுங்கோ, விடறச்சே வையுங்கோ."

மூச்சு விஷயம் அவருக்கு உடனே பிடிபட்டது. ஜபம் பண்ணுகிற மூச்சுத்தானே. ஒவ்வொரு ஒத்தலுக்கும் அவர் உதடு 'கணபதே' என்று அசைவது என் கண்ணுக்கு அத்தனை பக்கத்தில் தெரிந்தது.

"சுண்டுவிரலை அம்மா கன்னத்துல ஊணிக்கோங்கோ. அப்பத்தான் கை நிக்கும்" என்றாள். ஊன்றினார். கோடு நன்றாக வந்தது. கையை எடுத்தார். என் கன்னத்துச் சந்தனத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குழி.

கல்யாணப் பெண் கன்னத்தில் விரலை ஊன்றலாம். ஈரச் சந்தனத்தில் எங்கே ஊன்றுவது? அவள் ஒரு பஞ்சை வைத்துப் பார்த்தாள், ஒட்டிக்கொண்டது. வெற்றிலையை வைத்தாள், வழுக்கியது. "நாளைக்கு நோக்கலாம்" என்று எழுந்துவிட்டாள். அவள் முகம் வாடினதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் கோவிலிலிருந்து வந்த மனுஷர், கால் அலம்பின ஈரம் காயவில்லை, "உக்காரு, உக்காரு" என்று என்னை ஜன்னலண்டை தள்ளினார். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த முன்கையின் மேல் வலது மணிக்கட்டைப் போட்டார். பாலத்தின் மேல் வண்டி நிற்கிற மாதிரி வலது கை அதன் மேல் நின்றது.

"பிள்ளையாரைச் சுத்தித் திருவாசி இருக்கோல்லியோ? நல்ல பித்தளை வளைவு, அசையாது. இடது கையால அதைப் பிடிச்சுண்டா?"

மாட்டுப்பெண் ஓடி வந்து பார்த்தாள். "அப்பா! சூப்பர் அப்பா!" என்று கை தட்டினாள். இதை அவளுடைய வேலையில் யாரும் செய்து அவள் பார்த்தது இல்லையாம்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் அவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள, நான் முகத்தைக் கொடுக்க வேண்டியது. என் இமையோரத்தை ஒட்டியே ஒத்தி ஒத்திக் கோடு போவார். பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, சஷ்டியப்தபூர்த்தி மறுபடியுமா?" என்று கேட்டாள். "ஆமாம், மாப்பிள்ளையே அலங்காரம் பண்றார்" என்றேன்.

சதுர்த்திக்கு முதல் நாள் அவர் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு, பிரிக்காமல் வைத்திருந்த மூன்றையும் தானே பிரித்தார். மஞ்சள் தண்ணீரில் அலம்பி, மடியாக இருக்கட்டும் என்று பஞ்சபாத்திரத்தில் குச்சி மாதிரி நிமிர்த்தி வைத்தார். மாட்டுப்பெண் பூஜை அறை வாசலில் நின்றபடியே அலறினாள். "ஐயோ அப்பா! தலை கீழே இருக்கணும்! தண்ணி கழுத்துக்குள்ள எறங்கிடும்!" அவர் பதறி எடுத்து, கங்கணத்துக்கு வைத்திருந்த மஞ்சள் நூலில் கட்டி அலமாரி ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். அந்த வழக்கந்தான் இன்றைக்கும்.

சதுர்த்தியன்று விடியற்காலையிலேயே மழை. கோவில் வாசலில் குடைகள். ஸ்ரீவராகத்துக்காரர் வந்திருந்தார்; சாதுவான மனுஷர், தம் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். திரை போட்டாயிற்று. திரைக்குக் கீழே இவருடைய இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாதம் அசையவில்லை. மாட்டுப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நேரம் எடுக்கறாரே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஒத்தி ஒத்தின்னா எழுதணும்" என்றாள் இவள், யாருக்கும் புரியாவிட்டாலும்.

செக்ரட்டரி திரையோரத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். பிள்ளையாரே, வழிக்கிற சத்தம் மட்டும் கேட்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவர் வெளியே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. நேராக ஸ்ரீவராகத்துக்காரரிடம் போய், வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, "நீங்க இருந்து தரிசனம் பண்ணிட்டு, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

மாட்டுப்பெண் என் தோளில் முகத்தை வைத்து அழுதேவிட்டாள்.

திரை விலகியது. இத்தனை வருஷம் பார்த்த முகம் இல்லை அது. பழைய கண் வாள் மாதிரி இருக்கும், கண்டிக்கிற கண். இது ஓரங்களெல்லாம் மிருதுவாக, சற்றே பூத்த கண். இப்போதுதான் எழுந்து, யார் வந்திருக்கிறது என்று பார்க்கிற கண். கன்னத்தில் ஒரு விரல் ரேகை இல்லை. நெற்றியில் விபூதி பனி மாதிரி படிந்திருந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சின்னப் பெண் குழந்தையும் வந்திருந்தது. "கட்டி போயிடுத்து" என்று சொன்னது.

மாட்டுப்பெண் என் காதில் கிசுகிசுத்தாள். "அம்மா, அந்தக் கண்ணை நோக்கினேளா? அந்த ஓரத்துச் சாய்வு… உங்களோடதும்மா. உங்க கண்ணுலதானே பழகினார்."

"ஏண்டி, எனக்கு யானைக் கண்ணுன்னா பறையறே?" என்று அவள் கையைக் கிள்ளினேன். அபசாரமாக ஏதாவது மனசில் வந்துவிடுமோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பாரம் இறங்கியது. அன்றைக்கு இறங்கின மாதிரி என்றைக்கும் இறங்கினதில்லை.

ஸ்ரீவராகத்துக்காரர் போகும்போது எங்களிடம் வந்தார். "கண்ணு எதால எழுதினதுன்னு மாமாகிட்ட கேட்டேன். உங்க மாட்டுப்பெண்கிட்ட கேக்கச் சொன்னார்" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தக் கடை, எந்த வகை, எப்படிக் குலுக்கிப் பார்ப்பது என்று நின்ற இடத்திலேயே சொல்ல ஆரம்பித்தாள். "கேட்டேளா, ரெண்டா வாங்கணும்" என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

செக்ரட்டரி இவரிடம், "அடுத்த சங்கடஹர சதுர்த்திக்குச் சந்தனம் எத்தனை வேணும் மாமா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் காப்பி கொடுத்தேன். டம்ளர் டபராவில் கடகடவென்று அடித்துக்கொண்டது; பாதிக் காப்பி வேஷ்டியில். கை நடுக்கம் போகவில்லை, போகவும் போகாது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வேஷ்டியை உதறிக்கொண்டு எழுந்து போய், மஞ்சள் நூல் கட்டின மூன்றையும் உள்ளங்கையில் வைத்து, கழுத்துக்கு மேல் தண்ணீர் ஏறாமல், வட்டம் வட்டமாக அலம்பிக்கொண்டிருந்தார். கொடியில் மாட்டுப்பெண்ணின் பிரஷ்களோடு, என் முகத்தில் பழகின அதன் ஜோடிகளும் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தன.